படித்துச் சொன்னவர் கையெழுத்து

ரம்யா என்ற இளம் வக்கீல் சென்ற மாதம் எனக்குப் போன் செய்தாள். ஸ்ரீராம்புரத்தில் நான் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த இலவசச் சட்ட உதவி மையத்தை இப்போது அவளும் இன்னும் இரண்டு பேரும்தான் நடத்துகிறார்கள். மாவு மில்லுக்கு மேலே முதல் மாடி. பேர்ப்பலகையில் 'லீகல் கிளினிக்' என்று இருப்பதால், இருமலுக்கு மருந்து கேட்டுப் படியேறி வந்தவர்களும் உண்டு.

மையத்துக்கு ஒரு டேப்லெட் வாங்கியிருக்கிறார்களாம். வருகிறவர் தமிழில் பேசினால் அது கன்னடத்தில் எழுதிவிடுகிறது. கன்னட மனுவைக் காட்டினால் தமிழில் வாசித்துவிடுகிறது.

"நல்லாத்தான் படிக்குது சார். ஆனா புதுசா சேந்த பசங்க கேக்குறாங்க, அதான் படிச்சிடுச்சே, அப்புறம் நாம வேற எதுக்கு அரை மணி நேரம் உக்காந்து வெளக்கணும்னு. நீங்க உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

அவள் எதிர்பார்த்தது நாங்கள் ஜெயித்த வழக்குகளாக இருக்கும். அப்படியும் சில உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரே ஒரு வழக்குதான். அதைத்தான் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா மில் தொழிலாளி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், தெருவில் கொஞ்சம் உருது. மில் மூடியதும் படிப்பை விட்டுவிட்டு டைப்ரைட்டிங் படித்தேன். கோர்ட் வாசலில் மரத்தடியில் மேஜை போட்டு ஆறு வருடம் மனு அடித்துக் கொடுத்தேன். அங்கேதான் நாகரத்னா மேடம் என்னைப் பார்த்தார். ஒரு தமிழ்ப் பெரியவருக்காக அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி, "மேடம், இவரு சொன்னது வேற, நீங்க எழுதச் சொல்றது வேற" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மறுவாரம் மையத்துக்கு வரச் சொல்லி வேலை கொடுத்தார். வக்கீலுக்கு உதவியாக இருக்கும் பாரா லீகல் என்று பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அந்தச் சர்டிபிகேட் எங்கே போனது என்று தெரியவில்லை.

நாகரத்னா மேடம் மண்டியாப் பக்கத்துக்காரர். தமிழ் நன்றாகப் புரியும். பேசினால் தமிழும் கன்னடமும் கலந்து வரும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் மையத்தில் வக்கீலுக்கென்று தனி மேஜை கிடையாது. சுவரோரமாக ஒரு நீள பெஞ்சு. வந்தவர் அதில் உட்காருவார், மேடம் அவர் பக்கத்திலேயே உட்காருவார். பேனாவை மூடி போட்டுக் கீழே வைத்துவிடுவார். வந்தவர் பேசி முடிக்கும்வரை அதைத் தொட மாட்டார். "அப்புறம்?" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்பார்.

கேட்டு முடித்ததும், கேட்டதை அவரிடமே திரும்பச் சொல்வார். வந்தவர் திருத்துவார். அதன் பிறகுதான் எழுத்து. எழுதியதை நான் வந்தவருடைய மொழியில் படித்துக் காட்ட வேண்டும். அதோடும் விட மாட்டார். "இந்தப் பேப்பர்ல என்ன இருக்கு, நீங்க ஹேளி" என்று வந்தவரையே சொல்லச் சொல்வார். அவர் சொல்வதில் எது விட்டுப்போனாலும் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் கையெழுத்து. கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'மேலே கண்டவை இவருக்குத் தெரிந்த மொழியில் படித்துச் சொல்லப்பட்டு, இவர் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார்.' அதன் கீழே என் கையெழுத்து. எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் வீண் வேலை என்று நினைத்தேன். ஒரு வீட்டு வேலைக்காரப் பெண், எஜமானி தன்னைக் கன்னத்தில் அறைந்ததாகச் சொல்லி வந்தாள். "ரெண்டு அடி, கையால" என்றாள். நான் 'கொடூரமாகத் தாக்கப்பட்டு மிகுந்த வேதனைக்கு ஆளாகி' என்று அழகாக அடித்தேன். மேடம் அன்று அவசரமாகக் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நானும் அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை. விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "கொடூரம்னு எழுதியிருக்கியே, என்ன கொடூரம்?" என்று கேட்டார். அவள் திகைத்துப் போய், "அப்படி நான் சொல்லலையே" என்றாள். மனுவே பொய் என்று ஆகிவிட்டது. அவள் வாங்கிய இரண்டு அடியும் பொய்யாகிவிட்டது.

அன்று மாலை மேடம் அந்த மனுவை என் முன்னால் வைத்தார். "தனபால் அவரே, இந்த வார்த்தை யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடது மேடம்."

"அப்ப அடி வாங்கினது நீங்களா?"

அந்த ஒரு கேள்விதான். பல வருடங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஒரு சொல்லைக்கூட நான் கூட்டி எழுதியது இல்லை. ஆனால் கூட்டாமல் இருந்தால் மட்டும் போதாது என்பதை மாதம்மா விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் பழுத்த அனுபவசாலி. ஓய்வுக்கு ஏழெட்டு வருடம் இருந்தது.

ஒருநாள் காலையில், குழந்தைகள் விஷயங்களைப் பார்க்கும் குழுவிலிருந்து போன் வந்தது. காசநோய் வார்டில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள், கன்னடம் தெரியாது, அவளுக்கு ஒரு பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். மேடம் கோர்ட்டில் இருந்தார். நான் மட்டும் போனேன்.

நீளமான வார்டு. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். நர்ஸ் எனக்கு ஒரு மாஸ்க் கொடுத்தார். கடைசிக்கு முந்திய கட்டிலில் அந்தப் பெண், மாதம்மா, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. ஊத்தங்கரைப் பக்கம். தொம்மலூரில் ஆபீஸ் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தபோது புருஷனோடு சித்தாள் வேலைக்கு வந்தவள். புருஷன் கேரளாவில் வேலை என்று போனவன் திரும்பவில்லை. கையில் ஒன்பது மாதப் பெண் குழந்தை, பெயர் கோகிலா. இவள் இரத்தமாக இருமிப் படுத்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். கட்டிலருகே குழுவின் உறுப்பினர் ஒருவரும் அந்த இல்லத்தின் ஊழியர் ஒருவரும் நின்றிருந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். "புள்ள எப்படிண்ணா இருக்கு? பாலு குடிக்குதா?"

இல்லத்து ஊழியர் நன்றாகக் குடிக்கிறது என்றார். நான் சொன்னேன். அவள் கையெடுத்து அவரைக் கும்பிட்டாள்.

குழந்தையை ஒப்படைக்கும் பத்திரம், ஆறு பக்கம். இரண்டு பக்கம் ஒழுங்காகப் படித்துச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. என் மேல் படக்கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் என் நாற்காலியை ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டேன். மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பயம். அதற்குப் பிறகு நான் வரிவரியாகப் படிக்கவில்லை. கண்ணால் ஓட்டிவிட்டுச் சுருக்கமாகச் சொன்னேன்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. தாய் இரண்டு மாதத்துக்குள் மனம் மாறிக் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். கேட்காவிட்டால் குழந்தையின் மேல் அவளுக்கு உள்ள உரிமைகள் எல்லாம் முடிந்துபோகும், குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அந்தப் பத்தி சொன்னது. நான் அதைப் படித்தேன். எனக்குப் புரிந்தது.

அவளிடம் நான் சொன்னது இதுதான்: "புள்ளய ஹோம்ல வெச்சு நல்லாப் பாத்துக்குவாங்க. ரெண்டு மாசத்துக்குள்ள வந்து கேட்டீன்னா குடுத்துருவாங்க."

அவள் என் முகத்தையே, அதாவது மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களையே, பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரு ஆறு மாசம் மாத்திரைங்கறாருண்ணா. ரெண்டு மாசத்துல நான் எந்திரிச்சு வர முடியாதுன்னா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா. நீ மொதல்ல ஒடம்பப் பாரு."

குழு உறுப்பினர் கன்னடத்தில் என்னைக் கேட்டார், எல்லாம் விளக்கியாகிவிட்டதா, புரிந்துகொண்டாளா என்று. அவருக்குத் தமிழ் தெரியாது. "ஆயிது சார்" என்றேன். முடிந்தது என்று அர்த்தம். மாதம்மாவுக்குத் தமிழில் பெயர் எழுத மட்டும் தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவளைத் திரும்பச் சொல்லச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

கீழே வந்து சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடித்தேன். மையத்துக்குப் போய் மற்ற வேலைகளைப் பார்த்தேன். அவளை மறந்துவிட்டேன்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பெண் மெதுவாகப் படியேறி வந்தாள். உடம்பு தேறியிருந்தது. அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் என்னைத் தெரியவில்லை. மேடம் "பன்னி, குத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொல்லிப் பெஞ்சில் இடம் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

நாலு மாதம் வார்டில் கிடந்ததையும், கிருமி முழுதாகப் போகும்வரை கைக்குழந்தையின் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் ஊருக்குப் போய், ஆறு மாதம் எட்டாக நீண்ட மாத்திரையை ஒருநாள் விடாமல் முடித்ததையும் சொன்னாள். பிறகு குழந்தைக்கு இரண்டு கவுன் எடுத்துக்கொண்டு நேராக இல்லத்துக்குப் போயிருக்கிறாள்.

"புள்ள இங்க இல்லைன்னுட்டாங்கம்மா. எங்கன்னு கேட்டா சொல்லக் கூடாதாம். வேற ஒருத்தங்க புள்ளயாயிடுச்சாம். அவங்க எனக்கு லெட்டரு போட்டாங்களாம். நாங்க இருந்த ஷெட்டுக்கு. அந்த ஷெட்ட எப்பவோ பிரிச்சுட்டாங்க."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கனாம். போட்டேன்தான். இல்லைன்னு சொல்லல. ஒரு ஆளு வந்து படிச்சுக் காட்டுனாரு. மூஞ்சிய மூடியிருந்தாரு. நல்ல மனுசன் மாதிரிதான் பேசுனாரு. ஆறு மாசம் ஆவுமேன்னு கேட்டேன். பாத்துக்கலாம்னாரு. அதனாலதான் நான் பயப்படாம மாத்திரை முழுங்கிட்டுக் கெடந்தேன்."

மாத்திரை அட்டைகளோடு வைத்திருந்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து மேடமிடம் கொடுத்தாள். மேடம் அதை என்னிடம் நீட்டினார். நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன்.

என் கையெழுத்து ஒரு கிறுக்கல். பழகியவர்களுக்குத்தான் என் பெயர் தெரியும். மேடம் இன்னும் அதைப் பார்க்கவில்லை. "முழுசாப் படிக்கணும் மேடம், திங்கக்கெழம சொல்றேன்" என்றேன். மேடம் மாதம்மாவைத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அந்த இரண்டு நாளில் நான் யோசித்ததை எல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. கடைசிப் பக்கம் தொலைந்துபோனால் என்ன என்றுகூட யோசித்தேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் மனைவி கேட்டாள். சொன்னேன்.

"உங்க வேல போயிடுமா?" என்றாள்.

"போனாலும் போகும்."

"அவளுக்குப் புள்ளையே போயிருக்கே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்பே போய்க் காத்திருந்தேன். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "இது நான் மேடம்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டி என்னை உட்காரச் சொன்னார். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அவங்க என்ன கேட்டாங்க, நீங்க என்ன சொன்னீங்க, அதே வார்த்தை ஹேளி. நடுவுல 'ஆனா' வேண்டாம்."

சொன்னேன். இரண்டு முறை 'ஆனா' என்று ஆரம்பித்தேன். இரண்டு முறையும் கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலியைப் பின்னால் இழுத்ததைச் சொன்னபோது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நான் சொன்னதை எனக்கே திரும்பச் சொன்னார். அதைக் கேட்பது நான் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவரே கையால் எழுதினார், எனக்குப் படித்துக் காட்டினார், அதில் என்ன இருக்கிறது என்று என்னையே சொல்லச் சொன்னார். பிரமாணப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

"இந்தக் கேஸ நாம நடத்த முடியாது. நம்ம ஆளே சாட்சி. வேற வக்கீல்கிட்ட நான் பேசுறேன்" என்றார். பிறகு, "அவங்க இங்க வந்து இத என் வாயால கேக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி நீங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

மாதம்மா தொம்மலூரில் ஓர் ஆபீஸில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பழைய ஊருக்குள், சந்து ஒன்றில், இன்னொரு பெண்ணோடு ஒரே அறையில் இருந்தாள். பஸ் பிடித்துப் போய்க் கதவைத் தட்டினேன். எங்களிடம் வரத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரில மாஸ்க்கு போட்டுக்கிட்டு வந்து படிச்சானே, அது நான்தாம்மா."

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு மாசம் தாண்டுனா புள்ள போயிடும்னு அதுல எழுதியிருந்துச்சா?"

"எழுதியிருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏண்ணா சொல்லல?"

"பயமா இருந்துச்சும்மா. சீக்கிரம் வெளிய போனாப் போதும்னு இருந்துச்சு" என்றேன்.

"என் இருமலுக்கா?"

"ஆமா."

அவள் கதவைச் சாத்தினாள். நான் சந்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்று அவள் மையத்துக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து மேடம் ஏற்பாடு செய்த வக்கீலிடம் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் அந்தத் தாளை வேறு ஓர் ஆளிடமும் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது.

குழந்தை ஏற்கெனவே ஒரு தம்பதியிடம் போய்ச் சேர்ந்து, தத்து உத்தரவும் ஆகிவிட்டிருந்தது. அதை எதிர்த்து மேல் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். நோட்டீஸ், பதில் மனு, பதிலுக்குப் பதில், வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, கோடை விடுமுறை. வழக்கு தள்ளிப்போகப் போக, எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. கோர்ட் வேலை தெரிந்தவன் என்பதால் ஒவ்வொரு வாய்தாவும் யாருக்குச் சாதகம் என்று எனக்குத் தெரிந்தது. மாதம்மாவுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, அன்றைக்கே பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்பதுபோல் வந்து நிற்பாள். என்னோடு பேச மாட்டாள். நானும் தூரத்திலேயே நிற்பேன்.

ஜட்ஜ் என்னை நேரில் வரச் சொன்னார். பிரமாணப் பத்திரத்தில் எழுதியதை வாயாலும் சொன்னேன். தம்பதியின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஒரு வரிக்குக் கீழே இருபது வருஷமாகக் கையெழுத்துப் போட்டு வருகிறீர்கள். அன்றைக்குப் போட்டது பொய் என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள். இன்றைக்குப் போட்டது பொய் என்று நாளைக்குச் சொல்ல மாட்டீர்கள் என்பது என்ன நிச்சயம்?"

அவர் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெளியே வராந்தாவில் அந்தத் தத்துத் தாய் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள்மீது கோபப்படவும் எனக்கு வழி இல்லை.

ஒன்றரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பெற்ற தாய்க்குப் பத்திரத்தின் முக்கியமான பகுதி விளக்கப்படவில்லை என்பதை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார். படித்துச் சொன்னவரின் நடத்தை கண்டிக்கத்தக்கது என்று ஒரு வரி எழுதினார். ஆனால் குழந்தைக்கு மூன்று வயது நெருங்குகிறது, இந்த இரண்டு வருடமாக அதற்குத் தெரிந்த அம்மாவும் அப்பாவும் இவர்கள்தான், இப்போது பிரித்தால் குழந்தைதான் உடைந்துபோகும் என்று எழுதி, தத்து உத்தரவை அப்படியே விட்டுவிட்டார். தம்பதி வக்கீல் மூலமாகக் குழந்தையின் புகைப்படம் ஒன்றைத் தாய்க்குக் கொடுக்க வேண்டும் என்பது கடைசி வரி.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு வருடம் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். டைப் மட்டும் அடித்தேன். எனக்குப் பதிலாகப் படித்துச் சொல்ல வாரத்தில் மூன்று நாள் வெளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். அந்த ஒரு வருடம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். மறுபடி கையெழுத்துப் போட ஆரம்பித்த பிறகு, எனக்கு எதிரே இருப்பவர் தன் வாயால் எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல் நான் பேனாவைத் தொட்டதே இல்லை. ரம்யாவின் ஆட்கள் கேட்ட அரை மணி நேரக் கணக்கு இதுதான்.

புகைப்படம் ஒரு கவரில் எங்கள் மையத்துக்கு வந்தது. வழக்கு நடத்திய வக்கீல், வழக்குத் தாள்களின் கட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தார். மாதம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் வந்த நேரத்தில் மேடம் இல்லை. நான்தான் கவரை எடுத்துக் கொடுத்தேன்.

பெஞ்சில் உட்காராமல் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தாள். கிராப்பு வெட்டிய தலை, மஞ்சள் கவுன், ஒரு பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை. கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது; தரை அதிர்ந்தது.

"காதுல ஒண்ணும் போடலையே. நான் குத்தி விட்டிருந்தேன். தூந்து போயிருக்கும்" என்றாள். பிறகு, "வளந்துட்டா" என்றாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. படத்தைக் கவருக்குள் போட்டு என்னிடமே நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போம்மா, இது உன்னுதுதான்" என்றேன்.

"வேணாண்ணா. இத வெச்சிருந்தேன்னா ரோட்டுல போற புள்ளைங்க மூஞ்சியெல்லாம் உத்துப் பாத்துக்கிட்டே நிப்பேன். பைத்தியமாயிடுவேன். நீங்களே வெச்சிருங்க."

வாசல்வரை போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப அவளுக்கு என்ன பேருண்ணா வெச்சிருக்காங்க?"

வழக்குத் தாள்களில் அந்தப் பெயரை எல்லா இடத்திலும் மறைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில், ஒரே ஒரு வரியில், மறைக்க விட்டுப்போயிருந்தது. கட்டைப் பிரித்து அடுக்கும்போது என் கண்ணில் பட்டிருந்தது. தத்துப் போன குழந்தையின் அடையாளம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். மேடம் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை நான் மாஸ்க் போட்டிருக்கவில்லை. "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு அவள் மையத்துக்கு வரவில்லை. தொம்மலூர் அறையையும் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதை மேடமிடமும் நான் சொன்னதில்லை. அந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.